துரையின் வண்டிக்கு மூன்று விளக்குகள்

கண்டிச் சீமையில் கோப்பி விளைந்த காலத்தில் துரைமார்களுக்குள் ஒரு போட்டி இருந்தது. யார் தோட்டத்தில் கோப்பி அதிகம் என்பதல்ல. அதை மழை தீர்மானித்துவிடும். யார் வண்டியில் விளக்கு அதிகம் என்பதுதான் போட்டி. தெல்தோட்டைப் பக்கம் நான் புல் வெட்டிய தோட்டத்துத் துரையிடம் ஒற்றைக் குதிரை வண்டி ஒன்று இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெழுகுவர்த்தி விளக்குகள் அதோடு கூடவே வந்தவை. அடுத்த தோட்டத்துத் துரை தன் வண்டிக்கு மேற்கொண்டு இரண்டு வைத்தார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் துரைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்டிக்குப் போய் மூன்று வாங்கி வந்தார்.

தகர விளக்குகள். முன்னால் வட்டக் கண்ணாடி, உள்ளே முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் தட்டு. வண்டியில் பொருத்தத் தெரிந்தவன் யார் என்று துரை கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

எனக்கு விளக்கும் தெரியாது, வண்டியும் தெரியாது. ஊரில் மணலில் எழுத்துப் பழகி, வாய்ப்பாடு தொடங்கியதும் பள்ளியை விட்டு ஓடியவன் நான். அப்படியே ஓடி, கடல் தாண்டி, காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தேன். கூட நடந்தவர்களில் நாலு பேர் வழியிலேயே தங்கிவிட்டார்கள். தங்கிய இடத்தில் குழி தோண்டி மூடினோம். இந்தத் தோட்டத்தில் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒழுகும் ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தோம். அட்டை கடித்த கால் புண் ஆறவில்லை. அந்த நேரம் பார்த்துக் குதிரைக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய அறை லாயத்தை ஒட்டி ஓடு போட்டது, ஒழுகாது. விளக்கைச் சரியாகப் பொருத்தி, கண்டிப் பயணம் ஒழுங்காக முடிந்தால் அந்த வேலையும் அறையும் எனக்கு என்றார் துரை. முடியாவிட்டால் தோட்டத்தில் எனக்கு இடமில்லை என்றும் சொன்னார். மழைக்காலம் தொடங்கியிருந்தது.

முதலில் குதிரையின் இருபுறமும் நீளும் ஏர்க்கால்களில் கட்டிப் பார்த்தேன். குதிரை பத்து அடி வைப்பதற்குள் எண்ணெய் முழுவதும் அதன் காலில். கூரைச் சட்டத்தில் ஏற்றினேன். ஒரு விளக்கு மரக்கிளையையும், ஒன்று குதிரையின் பின்புறத்தையும் காட்டின. மூன்றாவது விளக்கு துரையின் தொப்பியைக் கருக்கியது. கடைசியில் பீப்பாய்க்கு அடிக்கும் இரும்புப் பட்டைகளை வளைத்து, துரை கால் வைக்கும் பலகைக்குக் கீழே மூன்றையும் வரிசையாக முடுக்கினேன். ஆடாமலிருக்க நடுவில் பழைய செருப்புத் தோல். மலைக்குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். ஒவ்வொரு விளக்கையும் வயிற்றோடு அணைத்து இளக்கினேன். மூன்றும் எரிந்தன. லாயத்துச் சுவரில் இருந்த பல்லி கூடத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை கங்காணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கண்டிக்குப் போய்ப் புது ஆட்களைக் கூட்டிவர வேண்டியிருந்ததால் அவரும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவதாக ஏற்பாடு. எங்கள் கூட்டத்துக்கு அரிசி அளப்பது அவர்தான்.

"சாமிக்குக் காட்டாம புது வெளக்க ரோட்டுல விடுவியாடா?"

"காட்டுங்க கங்காணி. பொட்டை மட்டும் தகரத்துல வச்சிருங்க. கண்ணாடியில வேணாம்."

"சாமிக்குப் பொட்டு நெத்தியில வப்பியா, முதுகுல வப்பியா?"

சொல்லிக்கொண்டே மூன்று கண்ணாடியிலும் உள்ளங்கை அளவுக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, ஓரத்தில் விபூதியும் தீட்டினார். விளக்குகளை ஏற்றி, சாமிக்குக் காட்டி, சூடம் கொளுத்தினார். கண்ணாடியின் சூட்டில் சந்தனம் பானை ஓடு மாதிரி இறுகியது. துரை வெளியே வந்து பார்த்து, "வெரி குட், புது பெயின்ட்டா?" என்றார்.

மதியம் புறப்பட்டோம். துரையே ஓட்டினார், நான் கங்காணியோடு பின்னால். இறக்கத்தில் பாதி வழியில் மூடுபனி இறங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். துரை "வெளக்கு போடு" என்றார். இறங்கி ஏற்றினேன். பனிக்குள் மூன்று மஞ்சள் தழும்புகள், நடுவே சிவப்பு. வெளிச்சம் ஒரு முழம் தாண்டவில்லை. பக்கத்து மெழுகுவர்த்திகள் சக்கரத்தைத்தான் காட்டின.

"என்னா மேன், ரோட் எங்கே?"

என் கையில் ஈரத்துணி இருந்தது. துடைத்தால் கங்காணி விடமாட்டார். சாமி பொட்டை அழித்தவனுக்கு அரிசி அளக்க அவருக்குக் கை வராது. துடைக்காவிட்டால் துரை விடமாட்டார். திரியைத் தூண்டுவதுபோலக் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நகம்தான் பெயர்ந்தது. மறுபடி ஏறிக்கொண்டேன்.

அப்போது எதிரே சலங்கைச் சத்தம். தோட்டங்களுக்கு அரிசி ஏற்றி வரும் மாட்டுவண்டிகள், ஆறோ ஏழோ. அந்த வண்டிக்காரர்கள் யாருக்கும் வழிவிட்டதில்லை. வழி கேட்ட துரைகளைப் பள்ளத்தோரம் நிறுத்தி, சாவகாசமாக வெற்றிலை மென்றபடி போவார்கள். அன்று முன் வண்டிக்காரன் பனிக்குள் மூன்று பொட்டு வைத்த முகங்கள் மெதுவாக வருவதைப் பார்த்தான். சட்டென்று மாட்டைப் பாறையோடு ஒதுக்கினான். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"சாமி வருது, ஒதுக்குங்கடா!" என்று பின்னால் பார்த்துக் கத்தினான். பிறகு கையைக் குவித்து, "அரோகரா!"

வரிசையாக எல்லா வண்டிகளும் ஒதுங்கின. எங்கள் கங்காணி பழக்கத்தில் தானும் "அரோகரா!" என்றுவிட்டார்.

"என்னா சொல்றான்?" என்று துரை கேட்டார்.

கங்காணி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "தொரைக்கு சலாம் சொல்றாங்க, தொரை."

துரை கருகிய தொப்பியைத் தூக்கி, இருபுறமும் தலையசைத்தபடி போனார். கடைசி வண்டிக்காரனுக்கு மட்டும் பக்கத்தில் வந்ததும் சந்தேகம் வந்தது. "சாமிக்கு மீசை செவப்பா இருக்கே?" என்றான். அதற்குள் தாண்டிவிட்டோம்.

துரையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அடுத்த வளைவில் இடது சக்கரம் பள்ளத்து ஓரத்துக் கல்லில் ஏறி இறங்கியது. சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது.

"கண்ணாடியைத் துடைச்சிரட்டுமாங்க தொரை?" துணிந்து கேட்டேன்.

"நோ, நோ! தொடாதே. நல்ல வெளக்கு. எல்லாரும் வழி விடுறான்." கொஞ்சம் யோசித்தார். "நீ எறங்கி முன்னாலே நட. குதிரையைப் பிடி. ரோட் நீ பாரு."

இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கல் தட்டினால் ரோட்டு, புல் தட்டினால் ஓரம், ஒன்றும் தட்டாவிட்டால் காலைப் பின்னால் எடுக்க வேண்டும். அப்படியே பேராதனை வரை நடந்தேன். அங்கே பனி விட்டது. கண்டிக்குள் நுழையும்போது, இனி நீதான் குதிரைக்காரன் என்றார் துரை. கங்காணி குனிந்து, "பொட்டோட மகிம பாத்தியாடா?" என்றார்.

லாயத்து அறை உண்மையிலேயே ஒழுகவில்லை. இரண்டு கோப்பிப் பருவம் அதில் படுத்தேன். பனி இறங்கும் நாளெல்லாம், ஐந்து விளக்கு எரியும் வண்டிக்கு முன்னால், காலால் ரோட்டைத் தடவிக்கொண்டு நடந்தேன்.