கப்பலூரில் கண்மூடிய இருபத்தாறு பேர்

காலை மணி பத்து இருபத்தெட்டு. பிளாஸ்டிக் குடம் செய்யும் அந்தக் கப்பலூர்க் கம்பெனியின் பேக்கிங் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. அதன் முதுகில் புதுத் துண்டு போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் தண்ணீர் பாட்டில். எதிரே, பிரித்து விரித்த அட்டைப்பெட்டிகளின் மேல் இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு சமமாகத் தரையில் உட்கார்ந்து பேசுவதற்காக நான் கோச்சடையில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒரு பாயைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். அதை வாசலிலேயே யாரோ வாங்கி ஓரமாகச் சாத்திவிட்டார்கள்.

நான் ஆறு வருடம் நாளிதழில் நிருபராக இருந்தவள். பிறகு பதினான்கு வருடம் சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தின் செய்தித் தொடர்புப் பிரிவில் வேலை. யாரையாவது வெளியே அனுப்பினால், ‘புதிய வாய்ப்புகளைத் தேடிச் செல்கிறார்’ என்று எழுதுவது என் பொறுப்பு. ஒரு நாள் லிஃப்டில் எனக்கு மூச்சு முட்டியது. இதயத்தில் ஒன்றுமில்லை, மன அழுத்தம்தான் என்றார் டாக்டர். இதைக் கேட்டால் பிறர் பத்து நாள் லீவு போடுவார்கள். நான் வேலையை விட்டுவிட்டு, ஒரு சான்றிதழும் வாங்கிக்கொண்டு, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று சொல்லித்தரக் கிளம்பினேன். கிணற்றில் விழுந்து தூக்கப்பட்டவள் மறுநாளே நீச்சல் வகுப்புக்குப் போர்டு மாட்டியதுபோல.

மதுரைக்குத் திரும்பிய எட்டு மாதத்தில் என் மாடி அறை வகுப்புக்கு வந்துசேர்ந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் வீட்டு உரிமையாளரின் மனைவி. மாடியில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வருகிறார் என்பது என் ஊகம். பழைய மேலாளர் என் இடத்தை மாதக் கடைசிவரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். குடக் கம்பெனி முதலாளியோ, இந்த ஒரு வகுப்பு நன்றாக அமைந்தால் சனிக்கிழமைதோறும் வரலாம் என்றிருந்தார். அமையாவிட்டால் நான் சென்னைக்கு ரயில் ஏறவேண்டியதுதான். வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருந்தோம்.

“அந்தக் குரல்ல மட்டும் பேசாத” என்று கிளம்பும்போது கணவர் சொன்னார்.

“எந்தக் குரல்?”

“கஸ்டமர் கேர்ல லைன்ல இருங்கன்னு ஒரு பொம்பள சொல்லும்ல, அது.”

முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். “மேடம் சென்னையில பெரிய கம்பெனியில இருந்தவுக. அம்புட்டையும் விட்டுட்டு நமக்காக வந்துருக்காக. அவுக என்ன சொன்னாலும் கேக்கணும்.” எங்கள் ஊரில் சால்வை ஏறிய தோளை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நிருபராக எத்தனையோ சால்வைகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குள் இருந்தது அதுதான் முதல் தடவை. வெக்கையாக இருந்தது.

சுவருக்கு அப்பால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஐந்து பேரை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் என் முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டரும் முன்வரிசையில் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் டெஸ்டர்.

“கண்களை மூடிக்கொள்ளுங்கள்” என்றேன், அந்தக் குரலில். “சத்தங்களைக் கேளுங்கள். எதன் பின்னாலும் போகவேண்டாம். வரும், போகும்.”

நான்காவது நிமிடம் பிட்டர் கண்ணைத் திறந்தார். தலையைச் சுவர்ப்பக்கம் சாய்த்தார். ஒரு முட்டியை ஊன்றி எழப்போனார்.

“ஐயா, எழவேண்டாம். அது வெறும் சத்தம்.”

உட்கார்ந்தார். இப்போது மூடிய கண்களோடு மற்றவர்களின் முகங்களும் ஒவ்வொன்றாக அந்தச் சுவரை நோக்கித் திரும்பின. நிருபராக இருந்திருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, ஏன் என்று கேட்டிருப்பேன். ஆசிரியையாக, கவனம் கூடுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

“மேடம், ஒரு நிமிசம் போயிட்டு வந்துர்றேன்” என்றார் பிட்டர்.

“இந்த அவசரம்தான் நம் நோய். அதை உட்கார்ந்து கவனியுங்கள்.”

அவர் என் சால்வையைப் பார்த்தார். அடுத்து, ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்கு லேசாகக் குறட்டை வந்துகொண்டிருந்தது. பிட்டர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னும் இரண்டு நிமிடம் போயிருக்கும். ‘டொம்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, காலையிலிருந்து காதை நிறைத்திருந்த இரைச்சலில் பெரும்பங்கு இல்லாமல் போனது.

“பார்த்தீர்களா, எவ்வளவு அமைதி” என்றேன். “இது உங்களுக்குள்ளேயே இருந்ததுதான்.”

“அது அமைதி இல்ல மேடம்” என்றார் பிட்டர். “கிரைண்டர் நின்னுருச்சு.”

கழித்துப்போட்ட குடங்களை அரைத்துத் தூளாக்குகிற இயந்திரம் அது. வெளியே விட்டுவந்த ஐந்து பேரில் யாரும் அதன் பக்கம் இல்லை. பேரிங் காய்ந்து இறுகிவிட்டது. கருகல் வாடை கூடத்துக்குள் வருவதற்குள் இருபத்தாறு பேரும் சுவருக்கு அந்தப்பக்கம் போயிருந்தார்கள். சத்தத்தில் முதலாளியும் விழித்துக்கொண்டு ஓடினார். நாற்காலியில் நான் மட்டும் இருந்தேன்.

அரை மணி கழித்து, கையில் கிரீஸோடு பிட்டர் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?” என்று கேட்டேன். குரல் தானாகவே மதுரைக்கு வந்துவிட்டிருந்தது.

“மொதத் தடவ முட்டி ஊன்னனே, அப்பவே தெரியும். உடனே நிப்பாட்டியிருந்தா கிரீஸ் வக்கிறதோட போயிருக்கும்.”

“பின்ன ஏன் உக்காந்தீங்க?”

“சால்வ போட்டுருந்தீகளே.”

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: “விடுங்கண்ணே. வெறும் சத்தம்தான. வரும், போகும்.”

“போயிருச்சுல்ல மாப்ள” என்றார் பிட்டர், கையைத் துடைத்துக்கொண்டே.

முதலாளியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். சால்வையை மடித்து மேசைமேல் வைத்தேன். அவர் அதை எடுத்து என் கையிலேயே திணித்தார்.

“தப்பு என்னோடது மேடம். பிட்டர அங்கன விட்டுருக்கணும்” என்றார். பிறகு ஒரு கொட்டாவியோடு சொன்னார்: “நான் பகல்ல கண்ணசந்து எம்புட்டு நாளாச்சுன்னு எனக்கே தெரியல. சனிக்கெழம சனிக்கெழம வாங்க. ஆனா மிசின் ஓடயில வேணாம். நிப்பாட்டுன பெறகு வச்சுக்குவோம்.”

வீட்டுக்கு வந்ததும் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரயிலுக்கு டிக்கெட் போடவா?” என்றார்.

“வேணாம். சனிக்கிழமை வரச் சொல்லிட்டாரு.”

“நெசமாவா? அந்தக் குரல்ல பேசியுமா?”

அன்று மாலையே பழைய மேலாளருக்கு, என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்பினேன். புதிய வாய்ப்புகளைத் தேடிச் செல்வதாக எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினேன். உடனே பதில் வந்தது. வாழ்த்துச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமையே வேறொருவர் சேர்கிறாராம்.

அடுத்த வாரம் பாயோடு கப்பலூரில் போய் இறங்கினேன். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு மணிக்கு இயந்திரங்களை நிறுத்துகிறார்கள். ஆட்கள் வீட்டுக்குப் போகும் பஸ் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு.