தலை மூடாத சுவர்

எங்கள் வீட்டின் கிழக்குச் சுவர் கோபத்தில் எழும்பியது. செங்கல்லும் சிமெண்டும் பிறகு வந்தவை. வாளையார்ப் பக்கம் லாரி ஓயாத ரோட்டை ஒட்டியிருந்த தோட்டத்தை என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்த அன்று, சர்வேயர் டேப்பைச் சுருட்டுவதற்குள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். அண்ணன் மண்வெட்டிக் காம்பை வீசியதில் தம்பிக்கு முன்பல் ஒன்று தெறித்தது. அதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணன் முகம் தெரியாத உயரத்துக்குச் சுவர் வைக்கப்போவதாக ரத்த வாயோடு சபதம் செய்தார். பல் போனதால் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. சிரிப்பு வந்தும் நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கும் ஒரு பல் குறைந்திருக்கும்.

பழைய வீடு அண்ணன் பாகத்துக்கு, அதாவது என் மூத்தாருக்கு, போயிற்று. நாங்கள் மோட்டார் ரூமில் சட்டி பானையை வைத்துக்கொண்டு, எல்லையை ஒட்டிப் புது வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தோம். மூத்தார் சும்மா இருப்பாரா? எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், தகரக் கொட்டகை போட்டு மாட்டைக் கொண்டுவந்து கட்டினார். எங்கள் பக்கத்தில் எல்லையைக் காப்பது இப்படித்தான். கல்லை இரவோடு இரவாக நகர்த்திவிடலாம், மாட்டை நகர்த்த முடியாது. கட்டுத்தறியை ஓர் அடி உள்ளே தள்ளிக்கொண்டால் அந்த ஓர் அடி மண்ணை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்.

அந்த மாடு ஒரு செவலைப் பசு. மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, அதைக் கன்றிலிருந்து வளர்த்தாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குக் குழந்தை இல்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகளுக்கு நடந்து நடந்து ஓய்ந்தவள். விடிந்தும் பொழுது சாயவும் அந்தக் கொட்டகையில் குந்திப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவாள். எங்கள் சுவர் என்றாவது விழுந்தால், விழுகிற இடம் அவள் முதுகு.

சுவர் அப்படிக் கட்டப்பட்டதற்கு என் பிடிவாதமும் காரணம். மீன மாத வெயிலில் மோட்டார் ரூம் தகரத்தின்கீழ் வெந்தவள் நான். எங்களுக்குப் பக்கத்துச் சித்தூரில் ஒரு வீட்டில் எலிப்பொறிக் கட்டைப் பார்த்துவிட்டு, எனக்கும் அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, இரண்டு தோலாகக் கட்டி, நடுவில் பொள்ளல் விட்டுக்கொண்டே போவார்கள். பொள்ளலில் நிற்கிற காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது. எலி வருமா பாம்பு வருமா என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். பாம்புதான் ஏற்கெனவே பக்கத்து வீட்டில் இருக்கிறதே என்றேன், அதன்பிறகு அவர் மறுக்கவில்லை. மலையாளி மேஸ்திரி ஒருவர் வந்தார். சிற்றாள் கிடைக்காத நாளில் நானே கல் சுமந்தேன், கலவை போட்டேன், கடைசியில் கரண்டியும் பிடித்தேன்.

மேஸ்திரி முதல் நாளிலிருந்தே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தக் கட்டுக்கு உச்சியில் வாய் திறந்திருக்கும். அந்த வாயில் மழை இறங்கினால் வயிறு ஊதும். அதனால் மேலே கடைசி வரிசைகளைப் பொள்ளல் இல்லாமல் படுக்கைக் கல்லாக வைத்து அடைக்க வேண்டும். அதன்மேல் தார்த்தாள் விரித்து, கம்பி போட்டுக் கான்கிரீட் பெல்ட் வார்க்க வேண்டும். கூரைக்கு மேலே நிற்கிற முகட்டுப் பகுதிக்குச் சாய்வாக ஒரு தொப்பி வைத்து, அதன் விளிம்பு சுவரைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டலின் அடியில் ஒரு கோடு கீறிவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவர்மேல் வழியாது. தார்த்தாள் எதற்கு என்று கேட்டேன். வெயிலில் கான்கிரீட் நீளும், இரவில் சுருங்கும், செங்கல் அந்த அளவுக்கு அசையாது, இரண்டும் ஒட்டிக்கிடந்தால் ஒன்றை ஒன்று கிழிக்கும், நடுவில் தாள் இருந்தால் அதது தன் பாட்டுக்கு நகரும் என்றார். அண்ணன் தம்பிக்கு நடுவில் விரிக்க அப்படி ஏதாவது தாள் உண்டா என்றேன். அவர் காதில் விழாதவர்போலக் கலவையைக் கிளறினார்.

ஆனி முடியும்போது கிழக்குச் சுவர் முகடுவரை எழும்பிவிட்டது. தலையை அடைக்கும் வேலைதான் பாக்கி. மறுநாள் ஆடி பிறக்கிறது என்று என் வீட்டுக்காரர் வேலையை நிறுத்தினார்.

அவர்கள் வகையறாவில் ஆடியில் சுவருக்குத் தலை மூட மாட்டார்கள். மூடினால் குடும்பத்துக்குத் தலையாக இருக்கிறவனை மூடிவிடுமாம். கோயம்புத்தூர்ச் சீமையிலிருந்து அவர்களுடைய முன்னோர் மாட்டையும் கலப்பையையும் ஓட்டிக்கொண்டு வந்தபோது இந்தச் சாங்கியத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே ஆடி என்றால் வெறுங்காற்று. சுவர் திறந்து கிடந்தால் புழுதி விழும், அவ்வளவுதான். இங்கே கணவாய்க்கு இந்தப் பக்கம் அதே மாதம் மலையாளக் கணக்கில் கர்க்கடகம். பக்கத்து மலையாளி வீடுகளில் மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் மூடுவார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் மழை கொட்டுகிற மாதம் பார்த்துத் திறந்து போடுவார்கள். மேஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு மழை முடிந்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

தலை மூட வேண்டாம், தார்ப்பாயாவது போடலாம் என்று நான் சாரத்தில் ஏறினேன். பாய் போடுவதும் மூடுவதுதான் என்றார் வீட்டுக்காரர். நான் காதில் போட்டுக்கொள்ளாமல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். காலைப் பிடித்து இழுத்தார். மணல் குவியலில் முகம் குப்புற விழுந்தேன். வாயில் மணலோடு எழுந்து, கையில் சிக்கிய மட்டப்பலகையால் அவர் தோளில் ஒன்று வைத்தேன். அவர் என் கன்னத்தில் வைத்தார். காது இரண்டு நாள் குய்யென்றது. பாய் அங்கேயேதான் கிடந்தது, ஆனால் அன்று மாலையே காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்க் கொட்டகையின்மேல் போட்டது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம், பாய் எம்மாத்திரம்! மூத்தார் அரிவாளால் அதைக் கீறிக் கீறித் துண்டாக்கி, எல்லைக் கல்லின்மேல் குவித்து எங்கள் கண்முன்னால் கொளுத்தினார். தூறலில் நனைந்த பாய் எரியாமல் நாறியது.

அப்புறம் மழை பிடித்தது. போனில் ஆரஞ்சு அலெர்ட் என்றார்கள். ஆரஞ்சோ மஞ்சளோ, வானம் சாய்த்து ஊற்றியது. நான் தினமும் சுவரைத் தட்டிப் பார்ப்பேன். முன்பு பொக்கென்று கேட்கும். நாளாக ஆக நிறைகுடம்போல் கனத்துக் கேட்டது. கீழ்வரிசைகள் வேர்த்தன. உளியால் ஓர் ஓரத்தில் துளை போட்டேன். தண்ணீர் பீய்ச்சி என் மாரில் அடித்தது. ஒரு பொள்ளலை வடித்தால் அடுத்தது நிறைந்திருந்தது. வீட்டைத் துளைக்கிறாள் என்று அதற்கும் அடி விழுந்தது. வாங்கிக்கொண்டுதான் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். முகடு கிழக்கே சாய்ந்திருந்தது. வீட்டுக்குக் கூரை இல்லாததால் மேற்குக் காற்று நேராக உள்ளே புகுந்து அதன்மேல் மோதிக்கொண்டிருந்தது. ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் மூட்டுகளிலிருந்து மணல் உதிர்ந்தது.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். முதலில் அடியில் இருக்கிற ஆளை அப்புறப்படுத்தச் சொன்னார். பிறகு தென்னங்கட்டையால் முட்டுக் கொடுக்கச் சொன்னார். கிழக்கே சாய்கிற சுவருக்குக் கிழக்கே நின்றுதான் முட்டுக் கொடுக்க முடியும். கிழக்கே ஓர் அடி எடுத்து வைத்தால் மூத்தாரின் அரிவாள் நிற்கிறது. என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகுதான் சுவரைச் சரியாகப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க அவருக்குக் கால் வரவில்லை.

நான் போனேன். எல்லைக் கல்லருகே நின்று, அக்கா பருத்திக்கொட்டை கலக்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டேன்.

"அக்கா, செவுரு சாஞ்சிருச்சுங்க. மாட்டை நவுத்திக் கட்டிப்போட்டு நீங்களும் அக்கட்ட போயிருங்க. மழை விடற மட்டுமுங்க, சாமி சத்தியமா."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுகுதாக்கும். கட்டுத்தறியப் புடுங்க வெக்கறதுக்கு உங்கூட்டுக்காரன் உன்னைய அனுப்புனானா?" என்றாள். கலக்கிக்கொண்டிருந்த தண்ணீரை அப்படியே என்மேல் வீசினாள். பக்கெட்டும் கூடவே வந்து என் முழங்காலில் பட்டது. மூத்தார் ஓடி வந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். நொண்டிக்கொண்டே திரும்பினேன். ஆத்திரத்தில் செத்துத் தொலையட்டும் என்று நினைத்தேன், அதை மறைக்கவில்லை. மோட்டார் ரூமுக்கு வந்து முந்தானையைப் பிழியும்போது பயம்தான் மிஞ்சியது. அவளுடைய சொம்புச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் காலையும் மாலையும் எனக்குக் கேட்கும். மறுநாளும் கேட்குமா என்று ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த மாலை காற்று வெறிபிடித்து அடித்தது. தோட்டத்தில் தென்னை ஒன்று நடுவில் முறிந்தது. நான் கூரையில்லாத வீட்டுக்குள் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகட்டுக்குக் கீழே ஒரு கோடு பிளந்தது. அதில் அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. அப்போது சொம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டது.

கத்தினேன். அக்கா வெளியே வா, விழுகிறது என்று தொண்டை கிழியக் கத்தினேன். பால் விழுகிற சத்தம் நிற்கவில்லை. நல்ல வார்த்தைக்கு அவள் வரமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. நல்லது சொன்னால் சூது என்பாள். கெட்டது சொன்னால்தான் நம்புவாள். ஒரு நனைந்த செங்கல்லை எடுத்துச் சுவர் முடிகிற ஓரமாக ஓடி, கொட்டகைத் தகரத்தின்மேல் வீசினேன். இன்னொன்று வீசினேன். மாடு கத்தியது. பால் சத்தம் நின்றது, ஆனால் ஆள் வரவில்லை.

"மாட்டைப் புள்ளைனு கட்டிக்கிட்டு அழுகுற வறடி, வெளிய வாடி. ஒன்னையும் பெக்காத வயித்துக்கு எல்லை ஒரு கேடா?"

வந்தாள். கறந்த பாலோடு சொம்பைத் தூக்கிக்கொண்டு, முடி அவிழ்ந்து, கண்ணில் எதுவும் தெரியாமல் எல்லையைத் தாண்டி என்மேல் பாய்ந்தாள். சொம்பின் விளிம்பு என் நெற்றியைப் பிளந்தது. பாலும் ரத்தமும் கண்ணில் இறங்கின. கீழே தள்ளி, மார்மேல் ஏறி உட்கார்ந்து, தலைமயிரைப் பிடித்துத் தரையில் மோதினாள். நான் அவள் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடிப்பதற்காக இல்லை, திரும்பிப் போகவிடாமல் இருப்பதற்காக. அவளை இழுத்துப் போக மூத்தாரும் ஓடி வந்தார். என்னைக் காப்பாற்ற என் வீட்டுக்காரர் வந்தார். அண்ணனும் தம்பியும் சேற்றில் கட்டிப் புரண்டார்கள்.

சுவர் அப்போது போயிற்று. இடி மாதிரியெல்லாம் இல்லை. முகடு மெதுவாகத் தலை குனிந்தது, வயிறு வெடித்துத் தண்ணீர் பாய்ந்தது, பிறகு மொத்தமும் கொட்டகையின்மேல் உட்கார்ந்தது. தகரம் கிழிகிற சத்தத்தில் என்மேல் இருந்த கைகள் நின்றுவிட்டன. செவலைப் பசுவின் குரல் வந்துகொண்டே இருந்தது. இரண்டு ஆண்களும் வெறுங்கையால் கல்லைப் புரட்டினார்கள், நகம் பெயர்ந்தது. கன்று ஓரத்தில் கட்டியிருந்ததால் பிழைத்தது. பசுவுக்கு முதுகு முறிந்திருந்தது. மிருக டாக்டர் வந்து ஊசி போடும்வரை அதன் தலையை அக்கா மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். மூத்தார் கையைக் காட்டித் தடுத்தார்.

மறுநாள் அவர் ஸ்டேஷனில் எங்கள்மேல் புகார் கொடுத்தார். என் வீட்டுக்காரரும் பல் கதையைச் சொல்லி ஒரு புகார் கொடுத்தார். அவர்கள் சமாதானமாகவில்லை, ஆவதாகவும் உத்தேசமில்லை. ஆவணியில் மேஸ்திரி வந்தார். சுவரை முதலிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை தலையை அடைத்து, தாள் விரித்து, பெல்ட் வார்த்து, முகட்டுக்குத் தொப்பியும் வைத்தோம். தொப்பியைத் துண்டு துண்டாக வார்த்து, இணைப்புகளில் வெயிலுக்கு நீள இடம் விட்டு, அந்த இடைவெளிகளைத் தார்க்கயிறு கொண்டு அடைத்தோம். அந்த வேலை முழுக்க நான் செய்தது. யாரையும் தொடவிடவில்லை.

கடைசித் துண்டுக்குச் சொட்டுக்கோடு கீறிக்கொண்டிருந்தபோது, அக்கா கன்றைப் பிடித்துக்கொண்டு கீழே போனாள். நின்று மேலே பார்த்தாள். நான் இறங்கினேன். நெற்றித் தையல் தழும்பு இன்னும் சிவந்தே இருந்தது. பார்க்கட்டும் என்று தலைத்துண்டை அவிழ்த்தேன். நான் செய்தது தப்பென்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. அவள் உயிரோடு என் முன்னால் நிற்கிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"உங்களை வெளிய கொண்டார எனக்கு வேற வழி தெரியலீங்கக்கா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னை என்னமோ செய்தது.

"தெரியும். நீ எதுக்குச் சொன்னீன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு" என்றாள். "செவுரு எம்மேல உழுந்திருந்தா ஒருக்காத்தான் செத்திருப்பேன்."

கன்று புல்லுக்கு இழுத்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அதன் பின்னாலேயே போய்விட்டாள். நான் திரும்பவும் சாரத்தில் ஏறினேன், மேலே கலவை காய்ந்துகொண்டிருந்தது.