கையை எடுத்தால் பேசிய கிட்டார்

சித்தப்பா இறந்த பிறகு, எங்கள் தெரு அம்மன் கோயில் கச்சேரியில்தான் சித்தி முதன்முதலாக அவருடைய கிட்டாரை வாசிப்பதாக இருந்தது. சரியாக வாசித்துவிட்டால் குழுவில் அவர் இடம் அவளுக்கு. சித்தப்பாவின் அக்காவான எங்கள் அத்தைக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

மதியம் சத்தம் சரிபார்த்தார்கள். திருப்பரங்குன்றத்து வெயிலுக்குப் பயந்து சத்தம் கலக்கும் மிக்சரைத் தெருக்கோடிப் புங்கமரத்தடியில் வைத்துவிட்டார்கள். கிட்டார் ஒயர் அவ்வளவு தூரம் எட்டுமா? கிடைத்த ஒயர்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்து இழுத்துவந்தார்கள்.

சித்தி கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். ஸ்பீக்கர் இரைந்தது. இரைச்சலுக்குள் ஓர் ஆண் குரல் அடித்தொண்டையில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. கிட்டார் பக்கத்தில் யாருமே இல்லை.

சித்தி ஓடிவந்து கம்பிகள்மேல் கை வைத்தாள். குரல் நின்றது. கையை எடுத்தாள், மறுபடி பேசியது. சித்தப்பாவும் அப்படித்தான், அவள் கை பட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.

"என் தம்பிதேன். அவனுக்குப் பிடிக்கலத்தா, கீழ வச்சிரு," என்றாள் அத்தை. குழுத்தலைவர் வேறு ஆளைக் கூப்பிட செல்போனை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் மைக்செட் போடும் என் தாய்மாமா வந்துசேர்ந்தார். கையில் சின்ன இரும்புப்பெட்டி. அத்தையிடம் சொன்னார்:

"நீள ஒயரு ஏரியல் மாதிரி ரேடியோவ இழுக்குது மதினி. இந்தப் பெட்டி கிட்டார் சத்தத்த ரெண்டு கம்பியில அனுப்பும், ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா. வழியில ஏறுற இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணுபோலத்தேன் ஏறும். அங்கிட்டு ஒண்ணுலருந்து ஒண்ணக் கழிச்சா இரைச்சல் அத்துப்போகும், வாத்தியம் நிக்கும்."

கழித்தல் என்றதும் நான் கவனிப்பதை விட்டுவிட்டேன். கணக்குக்கும் எனக்கும் ஆகாது.

சித்தியின் காலடியில் பெட்டியை வைத்துக் கிட்டாரை அதில் செருகி, அங்கிருந்து வேறு ஒயரை மிக்சருக்கு இழுத்தார். குரல் போய்விட்டது. சித்தி கம்பிகளிலிருந்து கையை விலக்கி, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். ஒன்றுமில்லை. குழுத்தலைவர் இருமியபிறகுதான் வாசிக்கத் தொடங்கினாள். அன்று மாலைக் கச்சேரியில் தெருவே கைதட்டியது. இடம் அவளுக்கே என்றார்கள். மாமா அந்தப் பெட்டியை அவளிடமே கொடுத்துவிட்டார்.

சில நாள் கழித்து மதியம் சித்தி வீட்டுக்குப் போனேன். அறைக்குள் அதே குரல். பெட்டி அலமாரிமேல் சும்மா கிடந்தது. அந்தப் பழைய ஒட்டு ஒயர் கிட்டாரிலிருந்து கூடமெல்லாம் வளைந்து, கட்டிலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் போய் முடிந்தது. கட்டிலில் சித்தப்பா படுக்கும் பக்கத்தில் கிட்டார். இந்தப் பக்கம் சித்தி, கம்பியில் பட்டுவிடாதபடி கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

பெட்டி பழுதாகிவிட்டதென்று ஓடிப்போய் மாமாவைக் கூட்டிவந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"பெட்டி நல்லாத்தேன் இருக்கு. வா, போவோம்."

ஒரு ஒயரை மாட்டிக்கொடுக்கக்கூட உடம்பு வளையவில்லையே இந்த மனுஷனுக்கு என்று, வெகுநாள் நான் மாமாவோடு பேசவே இல்லை.