முதல் தண்ணீர்

சலவை சிஸ்டருக்கு ஒரு பெயர் இருந்தது. மடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சலவை" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்து நிற்பார். ஆள் கைநாட்டு. ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று இளம் சிஸ்டர்கள் சிரித்தால், "ஆண்டவருக்கு எந்தப் பக்கத்துல இருந்தும் படிக்கத் தெரியும்மா" என்று தானும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் இறந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. கல்லறையில் மெழுகுவர்த்தி அணைவதே இல்லை. புனிதர் பட்டத்துக்கு விசாரணை தொடங்கலாமா என்று பார்க்க, ஆயர் இல்லத்திலிருந்து ஒரு ஃபாதர் கோப்பும் கையுமாக வந்திருந்தார். முதியோர் பகுதியில், எண்பத்தாறு வயது பழைய மதருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் நல்லதாத்தான் சொல்றாங்க மதர். இந்த ஒரு வரிதான் இடிக்குது."

மடத்துப் பதிவேட்டின் நகல் அது. "கீழ்ப்படியாதவர். பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை." எழுத்து முத்து முத்தாக இருந்தது. மதரின் கையெழுத்து எப்போதுமே அழகு.

கன்னியர் கொடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளில் கீழ்ப்படிதலும் ஒன்று. அதிலேயே ஓட்டை என்றால் விசாரணை வாசற்படியைத் தாண்டாது. இது ஃபாதருக்குத் தெரியும். மதருக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். மௌனமாக இருந்துவிட்டால் தன் பெயர் தப்பிக்கும், சலவை சிஸ்டரின் பெயர் அந்த வரிக்குள்ளேயே கிடக்கும். மதர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்றதை அப்படியே எழுதிக்கோங்க" என்றார்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் நூல்போல, தண்ணீர் வந்தது. மதர் அப்போது ஐம்பது வயதுக்காரர். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் ரகம். சாப்பாட்டு அறையில் நாற்பது பேருக்கு முன்னால் சட்டம் போட்டார். துவைத்த தண்ணீர், அலசிய தண்ணீர் எல்லாம் கழிப்பறைத் தொட்டிக்குப் போக வேண்டும்.

"ஒரு சொட்டு மண்ணுல விழக்கூடாது."

சலவை சிஸ்டர் எழுந்து நின்றார். "மதர், கோயில் பீடத் துணி அலசுற முதல் தண்ணி மட்டும்..."

"எல்லாத் தண்ணியும்னு சொன்னேனே, காதுல விழலையா?"

"சரிங்க மதர்."

அடுத்த சனிக்கிழமை மதர் சலவை அறைக்குள் நுழைந்தபோது, சலவை சிஸ்டர் எனாமல் கிண்ணத்தைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பீடத் துணி ஈரமாகக் கிடந்தது. துணியை அலசிய தண்ணீரைத்தான் குடிக்கிறார் என்று புரிந்ததும் மதருக்குத் தலைக்கேறிவிட்டது. தொட்டிக்குப் போக வேண்டிய தண்ணீரை வயிற்றில் ஊற்றிக்கொண்டு தன் சட்டத்தைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தார்.

"கொழுப்பா உனக்கு?"

சலவை சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மதர் கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அதற்கடுத்த சனிக்கிழமையும். திட்டினால் தலை குனிந்துகொள்வாரே தவிர, கிண்ணத்தை மட்டும் விடவில்லை. கோடை முடிவதற்குள் மதர் பதிவேட்டில் அந்த வரியை எழுதி, அவரைத் தொலைதூரக் கிளை மடத்துக் கோழிக்கூண்டைக் கூட்ட அனுப்பிவிட்டார். போகும்போது ஒரு சின்னப் பையோடு வந்து, "உங்களைக் கோபப்பட வெச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க மதர்" என்றார். மதர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ஒன்பது வருடம் கழித்து ஒரு நாள், மடத்தில் புதிதாகச் சேர்ந்த நவகன்னியருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார் மதர். புத்தகத்தைப் பார்த்து உரக்க வாசித்தார். நற்கருணை வைக்கும் பீடத் துணியில், ஆண்டவரின் உடலாக வணங்கும் அப்பத்தின் துகள் ஒட்டியிருக்கலாம். ஆகவே அதை அலசும் முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது. சுத்தமான மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

மதரின் வாசிப்பு அங்கேயே நின்றது. அவர் தன் இருபது வயதில் எழுதி முதல் மார்க் வாங்கிய பாடம்தான் அது. முதல் மார்க் வாங்கியவர் மறந்துபோனதை, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்ட கைநாட்டு மறக்கவில்லை.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தவக்காலம் முடியட்டும் என்றார், பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடியட்டும் என்றார், முழங்கால் வலி குறையட்டும் என்றார். உண்மையில் கால் வலிக்கவில்லை, முகம்தான் கூசியது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது. கடைசியில் சாவுச் செய்திதான் வந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். மடத்தில் சொல்லக்கூடிய பழமொழி இல்லை என்றாலும், மதருக்கு அன்று அதுதான் ஞாபகம் வந்தது.

ஃபாதர் எழுதுவதை நிறுத்தினார். "அப்போ அவங்க கீழ்ப்படியாம இல்ல..."

"மண்ணுல விழக்கூடாதுன்னு நான் சொன்னேன். விழல. சாக்கடைக்குப் போகக்கூடாதுன்னு திருச்சபை சொல்லுது. போகல. ரெண்டு பேர் சொல்லையும் காப்பாத்த அவளுக்குக் கிடைச்ச ஒரே இடம் அவ வயிறுதான் ஃபாதர். அவளைத்தான் கீழ்ப்படியாதவள்னு எழுதி வெச்சிருக்கேன்."

"ஏன் உங்ககிட்ட விளக்கிச் சொல்லல?"

"எங்க சொல்ல விட்டேன்? அவ பேச வாயெடுத்த ரெண்டு தடவையும் நான்தான் அடைச்சேன். அப்புறம் சமையல் சிஸ்டர்கிட்ட சொன்னாளாம், மதருக்கு மறந்துபோச்சுன்னு நாப்பது பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம், விடு, ஒரு கிண்ணம் தண்ணிதானேன்னு."

"இதை இப்படியே எழுதினா உங்க பேரு கெட்டுடுமே மதர்."

"கெடட்டும். கொண்டாங்க இப்படி."

கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஃபாதர் தாளை ஊதிக் காயவைத்து, கோப்பை மூடி, ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார்.

"பட்டம் கிடைச்சா நீங்களும் அவங்ககிட்ட வேண்டிக்கலாம் மதர்."

"வேண்டிக்கத்தான் போறேன். முழங்கால் போட்டு மன்னிப்புக் கேப்பேன்" என்றார் மதர். "அன்னைக்கே கிளம்பியிருந்தா ஒரு பஸ் டிக்கெட்டோட முடிஞ்சிருக்கும் ஃபாதர்."