மெரூன் கதவில் பால்

வலது காதைக் கார் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் ஃப்ளோரா தேய்ப்பாள். இடது கையில் தண்ணீர் பாட்டில்; அதன் மூடியில் ஆணியால் குத்திய நாலு ஓட்டை. வலது கையில் பழைய ஹவாய் செருப்பிலிருந்து அறுத்தெடுத்த துண்டு, அதைச் சுற்றி வாட்டர் பேப்பர் என்கிற, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். ‘சரக் சரக்’ என்ற சத்தம் ‘உஸ்’ என்று அடங்கினால் அந்த இடம் சமமாகிவிட்டது என்று அர்த்தம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் எவ்வளவு இரைந்தாலும் அந்த ‘உஸ்’ அவளுக்குத் தப்பாது. அந்த நேரம் பார்த்து யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தார்கள். “கம்முனு இரு மாமு, பேப்பர் பேசிகினு கீது.”

வயது நாற்பத்திரண்டு. மனோகரனின் பெயிண்டிங் ஷெட்டில் முதல் நாலு வருஷம் வண்டி கழுவினாள். பெயிண்டுக்கு மேல் கண்ணாடி போல அடிக்கிற கிளியர் கோட்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க ஆள் வராத ஒரு திங்கட்கிழமை, யாரையும் கேட்காமல் பேப்பரைக் கையில் எடுத்தாள். எடுத்து ஏழு வருஷமாகிறது, இன்னும் கீழே வைக்கவில்லை.

மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால் ஈரக் கிளியரில் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும். அதை அவள் மூக்குத்தி என்பாள். “ஒரு கதவுக்கு ஏழு மூக்குத்தியா, இன்னா ஷோக்கு!” என்று எண்ணிவிட்டுத்தான் கை வைப்பாள். வாளித் தண்ணீரில் ஒரு மணல் கிடந்தாலும் கொட்டிவிட்டு, எல்லோரும் குடிக்க வாங்கி வைத்த கேன் தண்ணீரை எடுத்து ஊற்றுவாள். “காருக்குக் கேன் தண்ணி, எங்களுக்குக் கொயா தண்ணியா?” என்று மனோகரன் தினமும் கத்துவார். “ஒனக்கு வவுறு கலக்கினா மாத்திரை கீது. கதவுல கீறல் வுயுந்தா இன்னா கீது?” என்பாள்.

கிளியரைத் தேய்க்கும்போது வழிகிற தண்ணீர் வெள்ளையாக இருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் பால். அதில் வண்டியின் நிறம் கலந்துவிட்டால், கிளியர் தீர்ந்து அடியிலிருக்கும் கலர் அறுபட்டுவிட்டது என்று பொருள்; கதவு முழுக்க மறுபடி அடிக்க வேண்டும். “பால் வருதா, வுடு. கலரு வந்துச்சா, கடைய மூடு.”

போன வியாழக்கிழமை அவள் முன் நின்றது தேவப்பிரியத்தின் மெரூன் கார். நாகர்கோவில்காரர், ராயபுரத்தில் மொத்தப் பாத்திர வியாபாரி. நசுங்கிய கதவைச் சரிசெய்து அடித்ததில் கிளியர் கூடிப்போய், ஒரு சொட்டு கதவின் மடிப்புக் கோட்டைத் தாண்டி வழிந்து உறைந்திருந்தது; முந்தின நாள் வந்தபோது அவரே அதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போயிருந்தார். மடிப்பில் கிளியர் எப்போதும் மெலிசு. திரும்ப அடித்துவிடலாம் என்றார் மனோகரன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ஃப்ளோரா.

“செவப்பு வந்துச்சுன்னா, நாளைலேர்ந்து நீ தண்ணி பைப்பப் புடிச்சிக்கோ. பேப்பர் பக்கமே வரக் கூடாது” என்றார் மனோகரன்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மடிப்பின் மேல் டேப் ஒட்டினாள். செருப்புத் துண்டை வைத்துவிட்டுத் தட்டையான மரத்துண்டை எடுத்தாள். சொட்டின் தலையை மட்டும் பத்து இழுப்பு. துடைத்தாள். பால். இன்னும் பத்து. பால். கடைசியில் டேப்பை உரித்து, மடிப்பில் மிச்சமிருந்த சொட்டை இருப்பதிலேயே மிருதுவான பேப்பரால் விரல் நுனியில் நீவினாள். பால்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு மணி முன்னதாகவே வந்து நின்றார் தேவப்பிரியம். தேய்த்து முடித்த கதவு, மெஷினில் பஃபிங் போட்டு மெருகேற்றும்வரை மங்கிக் கிடக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

“என்னம்மா இது! கண்ணாடி மாதிரி இருந்த கதவ சாம்பலாக்கிப் போட்டியளே! சாவியத் தாரும் மனோகரன், நான் வேற எடத்துல பாத்துக்கிடுதேன்.”

மனோகரன் ஃப்ளோராவைப் பார்த்தார். அவள் கதவை விட்டு நகரவில்லை.

“சாவி எங்கயும் போவாது நைனா. டீ வந்துகினு கீது. குட்ச்சிட்டுத் திட்டு.”

பஃபிங் மெஷினை மெதுவான வேகத்தில் ஓடவிட்டாள். ஒரு சாண் ஓட்டுவாள், சூடேறியிருக்கிறதா என்று புறங்கையால் பார்ப்பாள், அடுத்த சாணுக்குப் போவாள். மடிப்பின் மேல் மெஷினைக் கொண்டுபோகவில்லை. அங்கே துணியும் விரலும் மட்டும். சாம்பல் விலகி முதலில் டியூப் லைட் நெளியாமல் தெரிந்தது. பிறகு தேவப்பிரியத்தின் தொந்தி. பிறகு அவருடைய திறந்த வாய். டீ கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

சொட்டு எங்கே போனது என்று அவருக்குப் புரியவில்லை. கண்ணை நம்பாமல், அது இருந்த இடத்தைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். ஃப்ளோரா சட்டென்று தன் உள்ளங்கையை அந்த இடத்தின் மேல் வைத்து மூடினாள். அவர் விரலிலிருந்த பட்டை மோதிரத்தை முகவாயால் சுட்டிக்காட்டினாள்.

“கயட்டு.”

அவர் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.