பொட்டு வைத்த ஆமைக்குஞ்சு

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வீட்டில் என்னென்ன செய்வீர்கள்? கூட்டுவீர்கள், கழுவுவீர்கள், பழைய ஜன்னல் திரையை மாற்றுவீர்கள்.

நாங்கள் ஒரு ஆமையை ஒளித்தோம்!

என் நாத்தனார் மலரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பலாங்கொடையில் ஒரு புடவைக்கடையில் வேலை. நல்ல பிள்ளை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவளுக்கு வந்த வரன்களெல்லாம் பிளேன்டீ குடித்து, பகோடா தின்று, கடைசியில் ஏதாவது சகுனம் சொல்லி எழுந்து போன வரன்கள். ஒரு கூட்டம் பல்லி சொன்னதென்று போனது. இன்னொரு கூட்டம், என் வீட்டுக்காரர் தும்மினார் என்று போனது. மனுஷனுக்குச் சளி பிடித்தால் தும்மாமல் என்ன செய்வார்?

இந்த முறை ரம்புக்கனைப் பக்கமிருந்து வரன். மாப்பிள்ளை ரவி, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற மாஸ்டர். ஒரு கல்யாண வீட்டில் மலர் அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் பேச்சை எடுத்தாலே இவள் காது சிவந்துவிடும். அண்ணியிடம் இதையெல்லாம் மறைக்க முடியுமா? இந்த இடமும் தட்டிப் போனால் பிள்ளை உடைந்து போவாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். அதிலும் மாப்பிள்ளையின் அம்மா, பூனை குறுக்கே போனால் பஸ்ஸை விட்டே இறங்குகிறவர் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கொட்டுகிற மழையில், மலர் வேலை முடிந்து வருகிறாள். கையில் பொத்திப் பிடித்த கைக்குட்டை. பிரித்தால்... தீப்பெட்டி அளவில் ஒரு ஆமைக்குஞ்சு!

"ரோட்டோரக் கான் தண்ணில அடிச்சிட்டுப் போச்சு அண்ணி. பாவமா இருந்துச்சு, தூக்கிட்டு வந்துட்டேன்."

என் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"அடிப்பாவி! நாளு கிழமை தெரியாம ஆமைய வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே! இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போச்சு. தூக்கி வெளிய போடுடி!"

"வெளிய போட்டா காக்கா கொத்திரும்மா."

"உன் கல்யாணத்த யாரு கொத்துவா?"

ஆமை நுழைந்த வீடு விளங்காது என்பது நம் ஆட்களிடம் எழுதப்படாத சட்டம். சரி, மாமியார் ஆயுதத்தாலேயே மாமியாரை மடக்குவோம் என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். "ஏங்க அத்தை, ஆமை பெருமாளோட அவதாரம் இல்லையா? பெருமாளையா வெளிய போடச் சொல்றீங்க?"

அத்தை ஒரு வினாடி தடுமாறினார். ஒரே வினாடிதான். "பெருமாள்னா பெருமாள் கோயில்ல இருக்கட்டும். நாங்க மாரியம்மன் கும்புடுறவங்க."

கடைசியில் ஒரு சமரசம். வீட்டுக்குள் கூடாது, காக்கைக்கும் கொடுக்கக் கூடாது. எங்களுடையது தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில், கடைசி வீடு. பின்னால் பைப்படிக்கு ஒரு தகரக் கூரை போட்டிருக்கிறோம். ஆமைக்கு அதுதான் குவாட்டர்ஸ் என்று முடிவானது. பெரிய பிளாஸ்டிக் பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து, ஆமையை விட்டு, மேலே அரிசி புடைக்கிற சுளகை வைத்து மூடினோம். ஆமை என்றால் தண்ணீர்தானே? நான்தான் தாராளமாக விளிம்பு வரை பிடித்தேன்.

அடுத்து, இது என்ன ஆமை என்ற ஆராய்ச்சி. என் வீட்டுக்காரர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கடலாமைக் குஞ்சு" என்றார். பலாங்கொடையில் ஏதுங்க கடல்? "ஆத்து வழியா ஏறி வந்திருக்கும்" என்றார் அசராமல். இவர் பெக்டரியில் தேயிலையைத் தரம் பிரிக்கிற வேலையில் இருக்கிறார். நீங்கள் குடிக்கிற தேயிலைக்கு நான் பொறுப்பில்லை.

சாப்பாடும் போட்டோம். ரொட்டித் துண்டு, சோறு, பிஸ்கட். எதையும் அது தொடவில்லை. சனிக்கிழமை முழுவதும் பேசினைச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டே இருந்தது. "எவ்வளவு சுறுசுறுப்பு பாரு" என்று நான் வேறு மெச்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை. வழியில் செக் பாயின்ட்டில் எல்லோரையும் இறக்கிப் பார்த்துத்தான் விட்டார்களாம், வேன் தாமதமாக வந்தது. வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நிலைப்படியிலிருந்து கூரை வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். பல்லி இருந்தால் பயத்தில் தானாகவே செத்திருக்கும். மாப்பிள்ளையோ தலையைத் தூக்கவே இல்லை. கேட்டதற்கெல்லாம் "ம்", "இல்லைங்க". மலர் பிளேன்டீ நீட்டியபோதும் கோப்பையைத்தான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. பிடிக்கவில்லையோ?

பலகாரம் முடிந்தது. "கை கழுவணும்" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். நான் செம்பில் தண்ணீர் எடுத்து வருவதற்குள், "ஏம்மா சிரமம், பைப்பு பின்னாலதானே" என்று விறுவிறுவென்று நடந்துவிட்டார்!

நான் ஓடினேன். எனக்குப் பின்னால் அத்தை, அவருக்குப் பின்னால் மலர். பைப்பில் தண்ணீர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பைப்புக்கும் லீவுதான். அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். மூடிவைத்த பேசின். சுளகைத் தூக்கினார்.

முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மலர் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

அலறல் வரவில்லை. கண்ணைத் திறந்தால்... அந்த அம்மா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்!

எட்டிப் பார்த்தேன். ஆமையின் முதுகில் புதிதாக அப்பிய சந்தனம். சந்தனத்தின் நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு!

நான் வைக்கவில்லை. மலரும் வைக்கவில்லை. மெதுவாக அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருமாளே வந்து உக்காந்திருக்காரே தங்கச்சி!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க சம்பந்தி" என்றார் அத்தை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "வெள்ளிக்கிழமையா பாத்து வந்தாரு."

சம்பந்தியாம்! இன்னும் பேச்சே முடியவில்லை!

சத்தம் கேட்டு மாப்பிள்ளை வந்தார். பேசினைப் பார்த்தார். அதுவரை "ம்" கொட்டிய மனுஷனுக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ!

"ஐயய்யோ, யாருங்க இவ்வளவு தண்ணி ஊத்தினது? இது வெளையாடலங்க, களைச்சுப்போய்த் தத்தளிக்குது! ஏறி உக்கார எடமே இல்லையே!"

ஊற்றியவள் ஓரமாக நகர்ந்து நின்றேன். மலர் நகரவில்லை. சட்டென்று குனிந்து பேசினைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். துணி துவைக்கிற இடத்திலிருந்து ஒரு தட்டைக் கல்லைத் தூக்கி வந்து உள்ளே வைத்தாள். ஆமை அதில் ஏறி, கழுத்தை நீட்டி, அப்பாடா என்று படுத்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"முதுகுல வரம்பு மாதிரி மூணு மேடு ஓடுது பாருங்க. கல் இப்பான்னு சிங்களத்துல சொல்லுவாங்க, இப்பான்னா ஆமை" என்றார் மாஸ்டர். "கிரி இப்பான்னு இன்னொண்ணு இருக்கு, அதோட ஓடு ஓரமெல்லாம் தோல் மாதிரி மெத்துன்னு இருக்கும். என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

"ரொட்டிங்க" என்றாள் மலர். "தொடவே இல்ல."

"மண்புழு, பொடியா நறுக்கின கங்குன் கீரை... இப்பிடிக் குடுக்கணும். ஆனா வளக்க ஆசைப்படாதீங்க, சட்டப்படி தப்பு. எடுத்த எடத்துக்குப் பக்கத்துல, ஓடை ஓரமா விட்டுடுங்க. அந்தப் பொட்டையும் தொடச்சிடுங்க."

மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. பெருமாள் போய் மண்புழு தின்கிற பிராணி வந்துவிட்டதே! மலரைக் கூர்ந்து பார்த்தார். "ஏம்மா, இது தானா வந்துச்சா, யாரும் கொண்டாந்தீங்களா?"

அத்தை கண்ணாலேயே மலரிடம் கெஞ்சினார். தானாக வந்தது என்று ஒரு பொய் சொல்லேன்... உனக்கென்ன குறைந்துவிடும்?

"நான்தாங்க தூக்கிட்டு வந்தேன்" என்றாள் மலர். "கான்ல அடிச்சிட்டுப் போச்சு. விட்டுட்டு வர மனசு வரல்ல."

மாப்பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரருக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார், மகராசன்.

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "இவனும் இப்பிடித்தாம்மா. மழைக்கு ஒதுங்கின நாய்க்குட்டி, கூட்டுலருந்து விழுந்த மைனான்னு வீடு பூரா கொண்டாந்து வச்சிருக்கான். எந்தப் பொண்ணு சகிச்சுக்கப் போறாளோன்னு நானே கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன்." பிறகு மகனைப் பார்த்து, "டேய், ஆமைய பாத்தது போதும். வந்த வேலைய பாரு" என்றார்.

மாப்பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்து மலரைப் பார்த்தார். அவள் கையெல்லாம் பாசி, சேலையெல்லாம் ஈரம். பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர்கள் போனதும் நான் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். "பொட்டு யாரு வச்சதுங்க?"

"ரெண்டு பக்கமும் யோசிக்கணும்ல" என்றார். "சனியனா இருந்தா, வீட்டுக்கு வெளிய இருக்கு. சாமியா இருந்தா, பொட்டு இருக்கு."

நம் ஆட்களின் பயமும் பக்தியும் லயத்து வீடுகள் மாதிரி. நடுவில் ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

திங்கட்கிழமை காலையில் மலர் ஆமையை ஓடையோரம் விட்டுவிட்டு வந்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். புதன்கிழமை தோட்ட ஆபீஸுக்கு போன் வந்தது. தை மாதம் கல்யாணம்.

ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார் சோதிடர். மிச்சம் இரண்டும் எங்கள் பேசினில் நீந்திக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?