யார் முதலில் பார்ப்பது

அப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயதானபோது நான் அவருக்கு ஐந்து வரி மனப்பாடம் செய்து வைத்தேன். பாட்டும் இல்லை, சுலோகமும் இல்லை, வெறும் எழுத்துகள். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். எட்டாவதோடு நின்றுபோன எனக்கு, படித்ததில் மறக்காமல் இருப்பது அது ஒன்றுதான்.

அப்பா துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் வெல்டர். இருபத்திரண்டு வருடம் ஒரே இடம். எங்கள் வாடகை வீடு ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருவார். சில நாள் வரும்போதே கண் சிவந்து நீர் வடியும். சின்னச் சின்ன ஒட்டுகளுக்கெல்லாம் முகமூடியை ஏற்றி இறக்க நேரமிருக்காது என்று, அங்கே எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டே நெருப்பை வைப்பார்களாம். கண்ணை மூடினால் போதும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். அம்மா உருளைக்கிழங்கைத் துருவித் துணியில் கட்டி அவர் கண்மேல் வைப்பாள். "மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு" என்று முனகுவார். காலையில் எழுந்து போய்விடுவார்.

ஒரு வருடம் ஆர்டர் குறைந்தது. அடுத்த வருடம் ஷிப்ட் குறைந்தது. அதற்கடுத்த தீபாவளிக்கு முன்னால் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பூட்டிய பிறகும் அப்பா பத்து நாள் அதே நேரத்துக்குக் குளித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்க்கத்தான். எல்லா இடத்திலும் அவருக்கு முன்னால் இருபது வயதுப் பையன்கள் நின்றார்களாம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆட்டோ ஓட்டுகிறவர். அவரிடம் இன்னொரு பழைய ஆட்டோ சும்மா கிடந்தது. அதை அப்பா ஓட்டுவதென்று முடிவாயிற்று. கொள்ளிடக் கரையில் வைத்து மாமா பழக்கினார். அப்பா ஹேண்டிலைப் பிடிக்கும் இறுக்கத்தைப் பார்த்து, "மச்சான், ஒட்ட வைக்காதீங்க, ஓட்டுங்க!" என்று கத்துவார். கரையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஓட்ட வந்துவிட்டது. லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அங்கேதான் நின்றது. சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையில் இரண்டாவது வரிக்குக் கீழே அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. நேராகப் பார்த்தால் நடுவில் அழிரப்பரால் தேய்த்தது மாதிரி இருக்கிறதென்றும், ஓரம் மட்டும் தெரிகிறதென்றும் வீட்டில் வந்து சொன்னார். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கடையில் எந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தும் அந்த நடு தெளியவில்லை.

"வெல்டிங் அடிச்ச கண்ணு வேற எப்படி மச்சான் இருக்கும்?" என்றார் மாமா. "ரோட்டுல என்ன எழுத்தா நிக்குது, படிக்கிறதுக்கு? மாடு நிக்கும், மனுசன் நிப்பான். அதெல்லாம் பெருசாத்தானே இருக்கு!"

"விளையாடாதடா," என்றாள் அம்மா. "நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போற வேலை."

"அப்ப நீயே சொல்லுக்கா. மச்சானை ஏடிஎம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காரச் சொல்றியா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீதான் மனப்பாடத்துல புலியாச்சே!"

மறுநாள் எனக்கு வயிற்றுவலி வந்தது. வரவழைக்கப்பட்டது. அதே டாக்டர் என் வயிற்றை அமுக்கி, "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். தொட்ட இடமெல்லாம் வலிக்கிறது என்றேன். அவர் தலைக்குப் பின்னால்தான் அட்டை தொங்கியது. ஐந்து வரியையும் முழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இல்லாத வலிக்கு அவர் கொடுத்த கசப்பு மருந்தை, காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கக் கூடாதென்று அம்மா மூன்று நாள் ஊற்றினாள்.

பிறகு பாடம் ஆரம்பித்தது. அப்பா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். "ப. அடுத்து ட, ர. அதுக்கடுத்து ய, ம, ல..." இருபத்திரண்டு வருடம் இரும்பை இரும்போடு ஒட்ட வைத்தவருக்கு, கடைசி வரியில் ஒரு 'ல' மட்டும் ஒட்டவே இல்லை. வேர்த்து ஊற்றும். நான் அப்போதே கவலைப் பிண்டம். தலைகீழாகக் கேட்டால்? நடுவிலிருந்து கேட்டால்? ஒன்று விட்டு ஒன்று கேட்டால்? எல்லா வழியிலும் சொல்லிக் கொடுத்தேன். அம்மா அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள்.

ஒரு மாதம் கழித்து நானும் கூடப் போனேன். டாக்டர் தலைகீழாகத்தான் கேட்டார். அப்பா ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

"பரவால்லையே, சொட்டு மருந்து நல்லா கேட்டுருக்கே!" என்றார் டாக்டர்.

என்னைப் பிடித்திருந்த அப்பாவின் கை சில்லென்று இருந்தது. வெளியே மாமா பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். அப்பா குடிக்கவில்லை. அவருடையதையும் நானே குடித்தேன். பரீட்சையில் ஜெயித்தது நான்தானே என்றிருந்தது எனக்கு.

அப்பா காக்கிச் சட்டை போட்டார். விடியற்காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவது, பிறகு திருவெள்ளறைக்கு ஒரு சவாரி கிடைத்தால் போவது. பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு நடை என்னையும் கூட்டிப் போவார். "நீ வந்தா எனக்குப் பேச்சுத் துணை பாப்பா." டிரைவர் சீட்டில் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருவேன். அவர் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தார். எதிரே வருவதை யார் முதலில் பார்த்துச் சொல்வது? ஜெயித்தால் ஒரு பன்.

"மாடு!" "தள்ளுவண்டி!" "ஸ்பீட் பிரேக்கர்!" நான் கத்தக் கத்த அப்பா பிரேக் போடுவார். தினமும் நான்தான் ஜெயித்தேன். உத்திர வீதி முனையில் ஒரு பூக்கார அம்மா இடுப்பில் கூடையோடு குறுக்கே வருவாள். "பூக்காரம்மா!" என்று கத்தினால் ஆட்டோ நிற்கும். அவள் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு கதம்பத்தைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டு, "வண்டிக்கு ஹாரன் வேற தனியா இருக்காண்ணே?" என்று அப்பாவைக் கேலி செய்வாள்.

ஒருநாள் நான் கேட்டேன். "வேணும்னேதானே தோக்குறீங்க?"

"உன்கிட்டத் தோக்காம வேற யார்கிட்டத் தோக்குறது?" என்றார் அப்பா.

மார்கழி பிறந்த வாரம். எனக்கு அரையாண்டுப் பரீட்சை. அன்று அறிவியல். வரவில்லை என்றேன். அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "ஒரே ஒரு நடைதான் பாப்பா, வந்துரலாம்," என்றார். "படிக்கிற புள்ளைய விடுங்க," என்றாள் அம்மா. அப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிப் போனார். வெளியே பனி.

பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது வாசலில் கூட்டம். உத்திர வீதி முனையில் அப்பா பூக்கார அம்மாவை இடித்துவிட்டார். சவாரி வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அவள் பிழைத்தாள். இடுப்பு எலும்பு நொறுங்கிப் போனதால் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. அப்பா அதற்கப்புறம் ஆட்டோவைத் தொடவில்லை. கடைசியில் ஏடிஎம் வாசலில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் அந்த வருடத்தோடு துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன். இன்று தெருவைக் கடக்குமுன் நான்கு முறை இரண்டு பக்கமும் பார்க்கிறேன். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அன்று மதியத்தைத்தான் சொல்ல வந்தேன். மாமா போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அப்பாவைக் கூட்டி வந்தார். சட்டைப் பை ஓரத்தில் ஒரு மரிக்கொழுந்து இணுக்கு ஒட்டியிருந்தது. "எதிர்ல லைட்டு அடிச்சுச்சு. வெள்ளையா இருந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல," என்று அம்மாவிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"நான்தான் வரலையேப்பா. இன்னைக்கு நீங்கதானே முதல்ல பாத்திருக்கணும்?"

அம்மா அடித்தாள். பளீரென்று கன்னத்தில். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை. அப்பா தடுப்பார் என்று அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல், காதுக்கு அந்தப் பக்கம் எதையோ உற்றுப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது.

கோபத்தில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்படிப் பார்க்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். எனக்கும் ரோஷம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.